தம்பிக்கு வாங்கிய இரத்தக்கட்டிக் காலுறை: பிழையான அளவும் சரியான அளவும்

நட்சத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. காலில் இரத்தம் கட்டிபடாமல் தடுக்கப் போடும் காலுறைக்கு 5 இல் 4. அதை முதன்முதலாக எங்களுக்கு விற்ற கடைக்கு 1, அதுவும் ஃபேனுக்குக் கீழே கதிரை போட்டு உட்கார வைத்ததற்காக. காலைப் பிழிந்துவிட வாடகைக்கு எடுத்த காற்று மெஷினுக்கு 3. இரத்தம் உறையாமல் போடும் ஊசிக்கு நான் நட்சத்திரம் போடப்போவதில்லை. அது டொக்டர்மாரின் விஷயம். ஆனால் அதைப் பற்றியும் கதைக்காமல் விடமுடியாது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். 27 வருடமாக இதுதான் தொழில். சட்டை, காற்சட்டை, பள்ளிக்கூட யூனிபோர்ம், கல்யாணக் காலத்தில் கோட் சூட். ஆகவே துணி, இலாஸ்டிக், அளவு என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி அலுமினியம் பொருத்தும் வேலை செய்தவன். தெஹிவளையில் ஒரு புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். நெஞ்சுப் பகுதி முள்ளெலும்பில் கடைசியானது, 12ஆவது, நொறுங்கி உள்ளே ஓடும் நரம்பு வடத்தை அமுக்கிவிட்டது. கால் இரண்டிலும் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஒப்பரேஷன் செய்து கம்பியும் ஆணியும் வைத்தார்கள். மூன்றாவது கிழமை, ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். கையில் தந்த துண்டில் மூன்று விஷயம் எழுதியிருந்தது: தினமும் ஒரு ஊசி, தொடைவரை காலுறை, வசதியிருந்தால் காற்று பம்ப்.

முதுகு உடைந்தவனுக்குக் காலில் எதற்குக் காலுறை என்று என் மனைவி கேட்டாள். நானும் அதையேதான் வாட்டில் கேட்டிருந்தேன். அங்கிருந்த இளம் டொக்டர் என் அளவு நாடாவை வாங்கி, இரண்டு விரலால் பிழிந்து காட்டி விளங்கப்படுத்தினார். காலிலிருக்கும் இரத்தம் மேலே ஏறுவது கெண்டைக்கால் தசையின் உதவியால். நடக்கும்போது தசை இறுகி நாளத்தைப் பிழிகிறது. நாளத்துக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் ஏறிய இரத்தத்தைத் திரும்ப இறங்க விடுவதில்லை. தசை அசையாவிட்டால் இரத்தம் தேங்கி நிற்கும். போதாததற்கு, பெரிய காயம் பட்ட உடம்பில் இரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும். விழுந்ததிலும் வெட்டியதிலும் நாளச் சுவர் அடிபட்டிருக்கவும் கூடும். தேக்கம், உறையும் குணம், சுவரில் காயம் என்ற இந்தக் கணக்கு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோவின் பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பிக்கப்படுகிறதாம். தம்பிக்கு மூன்றும் இருந்தன.

காலில் உண்டான இரத்தக் கட்டி கழன்று, இதயத்தைத் தாண்டி, சுவாசப்பையில் போய் அடைத்தால் ஆளே போய்விடலாம். ஆபத்து அதிகம் முதல் மூன்று மாதத்தில், அதிலும் முதல் சில கிழமைகளில். அந்தச் சில கிழமைகளில்தான் அவன் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தான்.

எனக்குத் தூக்கம் போனது இன்னொரு காரணத்தால். நமக்குக் கெண்டைக்காலில் இரத்தம் கட்டிபட்டால் அநேகமாக நோவு காட்டிக்கொடுக்கும். தம்பியின் கால் எதையும் சொல்லாது.

சரி, காலுறைக்கு வருவோம். முதல் கடையின் பெயரும் இடமும் வேண்டாம். துண்டைக் கொடுத்தேன். ஆளின் உயரம் கேட்டார். "மெலிவா, குண்டா?" என்றார். மெலிவு என்றேன். ஒரு மீடியம் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கூடவே தோல் நிறத்தில் இன்னொன்றையும் காட்டி, இது இன்னும் இறுக்கம், இதுதான் நல்லது என்றார். விலை அதிகம் என்பதால் மட்டுமே அதை வாங்கவில்லை. அந்தத் தோல் நிறக் காலுறை, நாளம் புடைத்தவர்கள் எழுந்து நின்று நடமாடும்போது போடுவது என்று பிறகுதான் தெரிந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு வேறு வகை, அழுத்தமும் வேறு. ஏழைக்குக் காசில்லாதது சில நேரம் நன்மைக்குத்தான்.

27 வருடம் நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டவன், சட்டைக்கு வந்தவனிடம் "உனக்கு மீடியம் காணும்" என்று ஒருநாளும் சொல்லாதவன், அன்றைக்கு அளவு பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு சோடியின் விலை நான் இரண்டு சட்டைக்கு வாங்கும் தையற்கூலி. மனம் கலங்கிப்போனவனுக்குத் தன் தொழில்கூட மறந்துபோகும்.

பெட்டியின் பின்பக்கத்தில் அட்டவணை ஒன்று பொடி எழுத்தில் இருக்கிறது. கெண்டைக்காலின் சுற்றளவு, தொடையின் சுற்றளவு, குதிக்காலிலிருந்து பிட்டத்து மடிப்பு வரையான நீளம். அதை நான் நாலாம் நாள்தான் வாசித்தேன்.

ஆனால் ஒரு வேலையை முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்தேன். வாட்டில் ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, சொல்லித் தந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவினால் எலும்பு சின்னதாய்ப் புடைத்திருக்கும். அங்கிருந்து 10 சென்டிமீற்றர் கீழே பேனையால் ஒரு கோடு. தினமும் அதே கோட்டில், அதே நேரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் இடையில் 3 சென்டிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசாமல் இருக்கக்கூடாது. ஒரு கால் மட்டும் சூடாக, சிவப்பாக இருந்தாலும், காரணமில்லாமல் இலேசாகக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். கடையின் அளவுக் கொப்பியில், காற்சட்டைக்காரர்களின் பக்கங்களுக்கு நடுவே தம்பிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். காலை 6 மணி. இடது 36, வலது 36.2. நாடாவை இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. அது மட்டும் எனக்குக் கைவந்த கலை.

நாலாம் நாள் காலை இடது 39.5. வலது 36.3.

மூன்று தரம் எடுத்தேன். மனைவியை எழுப்பி அவளையும் எடுக்கச் சொன்னேன். அதே எண். தம்பி கூரையைப் பார்த்தபடி, "என்ன அண்ணா, தைக்கப் போறியா?" என்று பகிடி விட்டான். எனக்குக் கை நடுங்கியது. வாட்டுக்குப் போன் எடுத்தேன். இப்போதே கொண்டுவா, காலைப் பிசையாதே, பம்ப் எதுவும் போடாதே என்றார்கள். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ யோசிக்காமல் 1990க்கு அடி என்றும் சொன்னார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், எங்கள் பக்கம் சுறுக்காக வரும். தம்பிக்கு மூச்சு நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் சீட்டை மடக்கிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம்.

டொப்ளர் ஸ்கான் செய்த பெண், தொடையிலிருந்து கீழே ஒவ்வொரு இடமாக நாளத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். அமுக்கும்போது நாளம் சப்பையானால் உள்ளே ஒன்றுமில்லை, சப்பையாகாவிட்டால் கட்டி இருக்கலாம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனார். எல்லா இடமும் சப்பையானது. கட்டி இல்லை. பிறகு தொடையின் நடுவில் இருந்த சிவந்த வளையத்தைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

காலுறையிலிருந்து வந்தது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்க வைப்போம். அளவு பொருந்தாத காலுறையின் மேல்விளிம்பு இரவில் புரட்டும்போது சுருண்டு சுருண்டு கயிறாகிவிட்டது. மேலே கயிறு கட்டினால் கீழே வீங்காமல் என்ன செய்யும்? இரத்தம் தேங்காமலிருக்க வாங்கிய சாமானே இரத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. உணர்வுள்ள மனிதன் என்றால் பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்திருப்பான்.

இப்படிக் காயம் பட்டவர்களுக்கு மூட்டுக்குப் பக்கத்தில் தசைக்குள் எலும்பு வளர்ந்தும் கால் வீங்குமாம். ஆகவே எல்லா வீக்கமும் கட்டி என்றில்லை. ஆனால் அதை வீட்டிலிருந்து ஊகிக்க வேண்டாம், வந்தது நல்லது என்று டொக்டர் சொன்னார்.

கடைக்குத் திரும்பிப் போனேன். உடுத்த பொருள் மாற்ற மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். நானும் உடுத்த காற்சட்டையைத் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் நான் அளவெடுக்காமல் தைப்பதும் இல்லை. இதைச் சொன்னேன். போன் வந்ததுபோல் உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது கடை கின்சி வீதிப் பக்கம், ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் ஒரு சின்ன இடம். ஃபேன் இல்லை, கதிரையும் இல்லை. கவுண்டரில் நின்ற சிங்கள அக்கா துண்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "அளவு கொண்டுவந்தீங்களா?" எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கொப்பியைத் திறந்து காட்டினேன். காலையில் எடுத்ததா பின்னேரம் எடுத்ததா என்று கேட்டார். வீக்கம் வற்றிய பிறகா என்று கேட்டார். பாதத்தில் நாடித் துடிப்பை டொக்டர் பார்த்தாரா, சீனி வருத்தம் உண்டா, குதிக்காலில் புண் உண்டா என்றெல்லாம் கேட்டார். காலுக்கு இரத்தம் இறங்கும் நாடி அடைபட்டவர்களுக்கு இந்தக் காலுறை ஆபத்து. பிறகுதான் அட்டவணையில் விரலை ஓட்டினார். லார்ஜ், நீளமான வகை. என் தம்பி மெலிவுதான், ஆனால் பதினைந்து வருடம் ஏணி ஏறி இறங்கியவனின் கெண்டைக்காலும் தொடையும் மெலிவில்லை. இதை ஆளின் உயரத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்காரன் கண்ணால் பார்த்தால் இந்தக் காலுறை அருமையான சாமான். நீளத்துக்குத் தையல் இல்லை, குழாயாகவே பின்னியது. கணுக்காலில் 18 மில்லிமீற்றர் பாதரசம் (பிரஷர் அளக்கும் அதே அலகு) அளவுக்கு அழுத்தம், மேலே போகப் போகக் குறைந்து தொடையில் 8. அதை நூலின் பின்னலை மாற்றியே செய்திருக்கிறார்கள். விரலால் இழுத்துப் பார்த்தால் இடத்துக்கு இடம் இழுவை மாறுவது தெரியும். முழங்காலுக்குக் கீழே பின்னல் மாறும் இடம் ஒன்று கண்ணுக்கே தெரிகிறது. அது முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். விரல் பக்கம் ஒரு ஓட்டை. அதை ஒரு மாமி பழுது என்று நினைத்து ஊசி நூலோடு வந்தார். பாதத்தின் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பதற்காக விட்ட ஓட்டை அது.

தொடையின் மேற்பகுதியில் இளகிய துணியில் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறது. காற்சட்டையில் கவட்டுக்குத் துண்டு வைப்போமே, அதுபோல. பார்த்ததும் எனக்கு விளங்கியது: இங்கே இறுக்கம் வேண்டாம் என்று யாரோ யோசித்து வெட்டியிருக்கிறார்கள். அது தொடையின் உட்பக்கம், பெரிய நாளம் ஓடும் இடத்தின் மேல் வரவேண்டும். முதல் சோடியை நாங்கள் இடம் வலம் மாற்றிப் போட்டு அந்தத் துண்டை வெளிப்பக்கம் விட்டிருந்தோம். சொல்லித்தர ஆளில்லை. இந்த அக்கா ஒரு பிளாஸ்டிக் காலில் போட்டே காட்டினார்.

போடுவதற்குப் பொறுமை வேண்டும். குதிக்கால் வரை உள்பக்கம் வெளியே புரட்டி, பாதத்தை நுழைத்து, குதிக்கால் பை குதிக்காலில் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்ற வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். என் மனைவி கண்டுபிடித்த வழி இது. சுருக்கம் ஒன்றுகூட நிற்கக்கூடாது. ஆரம்பத்தில் ஒரு காலுக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது, இப்போது நாலு. பகலும் இரவும் போட்டிருக்கிறான். காலையும் மாலையும் கழற்றி, குதிக்கால், கணுக்கால் எலும்பு, விரல் நுனி எல்லாம் டோர்ச் அடித்துப் பார்ப்போம். அவனால் சொல்ல முடியாததை நாங்கள் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாட்டில் அடுத்த கட்டிலில் கழுத்து உடைந்த பொடியன் ஒருவன் இருந்தான். அவனுக்குக் காலுறையில் சுருக்கம் விழுந்தாலே இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறலாமாம். தலை இடிக்கும், முகம் வியர்க்கும். நெஞ்சின் 6ஆவது முள்ளெலும்புக்கோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது வரும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானதையெல்லாம் தளர்த்தி, சலப்பை நிரம்பியிருக்கிறதா, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். தம்பிக்கு அடி கீழே என்பதால் எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் இதை வாசிப்பவர் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கலாம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், கொழும்புச் சூடு. சித்திரை மாதத்தில் தொடைவரை இந்தக் காலுறை என்பது சூட்டுக்கு மேல் சூடு. மேல்விளிம்புக்குக் கீழே வேர்க்குரு போட்டது. வெள்ளை நிறம் வேறு, ஒரு சொட்டுக் குழம்பு விழுந்தால் போதும். கழுவும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர், சாதாரண சோப், கையால். முறுக்கிப் பிழியாமல் துவாய்க்குள் உருட்டி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். குளோரின் சேர்ந்த வெள்ளையாக்கி போட்டாலோ, அயர்ன் பண்ணினாலோ இழுவை நூல் செத்துவிடும். செத்த நூல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. இரண்டு சோடி கட்டாயம் வேண்டும், மழைக்காலத்தில் ஒன்று காய ஒன்றரை நாள் ஆகிறது.

காற்று மெஷின் வாடகைக்கு எடுத்தோம். மாத வாடகை என் கடை வாடகையில் பாதி, முற்பணம் தனி. இரண்டு காலுக்கும் வெல்குரோ வைத்த உறைகள், அதிலிருந்து குழாய், கட்டில் காலில் கொளுவும் பெட்டி. பத்துப் பன்னிரண்டு செக்கன் காற்று நிரம்பி கணுக்காலிலிருந்து மேலே பிழியும், பிறகு ஒரு நிமிடம் போல விட்டுவிடும், மறுபடி பிழியும். நடக்காத காலுக்கு நடக்கும் தசையின் வேலையைச் செய்கிறது. பார்க்கும்போது உறங்கும் மிருகம் மூச்சு விடுவது போலிருக்கும். முதல் இரவு எனக்குத் தூக்கமில்லை, மூன்றாம் இரவு அந்தச் சத்தம் நின்றால்தான் விழித்தேன்.

கொண்டுவந்த பொடியன் முதலில் தந்த உறையில் பழைய மருந்துக் கறை. உறைகள் ஒரு ஆளுக்கு மட்டும் உரியவை, மெஷின்தான் கைமாறலாம். திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டு போய், அன்று பின்னேரமே உடைக்காத பக்கெட்டோடு வந்தான். குறைத்த இரண்டில் ஒரு நட்சத்திரம் இதற்கு. மற்றது, எங்கள் மெஷினுக்குள் பற்றரி இல்லை, கரண்ட் போனால் வெறும் பெட்டி. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் தம்பி விழுந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். மருந்துக்கும் அப்போது நாடு அலைந்தது. பேசாமல் இருப்பதே நல்லது.

மெஷினைப் பற்றி முக்கியமான ஒன்று. ஊசியோ பம்போ இல்லாமல் சில நாட்கள் போயிருந்தால், நேரே கொண்டுவந்து பூட்டக்கூடாது. ஏற்கனவே உள்ளே கட்டி இருந்தால் பிழியும்போது அது கழன்றுவிடலாம். டொக்டரைக் கேட்டு, தேவையென்றால் ஸ்கான் எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எங்களுக்கு அந்த நாலாம் நாள் ஸ்கான் கையில் இருந்தபடியால் அந்தக் கேள்வி வரவில்லை. வாடகைக்காரர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் பிழை. காலுறையும் மெஷினும் துணைக்கு வந்தவை. வேலையின் பெரும்பங்கு ஊசிக்கு. அமெரிக்க முள்ளந்தண்டு மருத்துவக் கூட்டமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், இரத்தப்போக்கு ஆபத்து அடங்கியதும் இந்த ஹெபரின் வகை ஊசியைத் தொடங்கி, நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் குறைந்தது 8 கிழமை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. காலுறை வாங்கிவிட்டோமே என்று ஊசியை நிறுத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நல்லகாலம், கிளினிக்கில் பிடித்துவிட்டார்கள்.

தம்பிக்கு அந்த ஹெபரின் வகையில் எனொக்ஸபரின் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, மருந்து நிரப்பியே வரும் சின்ன ஊசி. அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்கினோம். தொப்புளிலிருந்து 5 சென்டிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம் தள்ளி, ஒருநாள் இடம் ஒருநாள் வலம். தோலைக் கிள்ளிப் பிடித்து நேராக இறக்கி, முடியும்வரை கிள்ளியதை விடக்கூடாது. உள்ளே ஒரு காற்றுக் குமிழி தெரியும். அதைத் தட்டி வெளியேற்றப் போனேன், மிஸ்ஸி கையைப் பிடித்துவிட்டார். முழு ஊசியையும் போடுவதென்றால் குமிழி அப்படியே இருக்கட்டும், வெளியேற்றினால் மருந்தும் போகும். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, கறுத்துவிடும். தேய்க்காமலே வயிறு கொஞ்சம் நீலமாகத்தான் இருந்தது. முதல்நாள் நான் குத்தியபோது, "ஆ, அண்ணா, நோகுது!" என்று கத்தினான். அடி பட்ட இடத்துக்கு மேலே என்பதால் வயிற்றில் அவனுக்கு உணர்வு உண்டு. அந்தக் கத்தலைக் கேட்டு நானும் மனைவியும் சிரித்தோம், பிறகு அவள் குசினிக்குப் போய் அழுதாள்.

மலம் கறுப்பாகப் போகிறதா, சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, இரத்தத் தட்டுகள் குறைகிறதா என்று இடையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோவுக்குப் பாமசியில் கண்ட குளிசை வாங்கிக் கொடுக்கவும் கூடாது. இன்னொன்று, இந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுப்பது. எதிர்க் கட்டில் முஸ்லிம் குடும்பத்துக்கு டொக்டர் அதை முன்கூட்டியே சொல்ல, அவர்கள் தங்கள் மௌலவியைக் கேட்டுச் சம்மதித்தார்கள். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டார். அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை அவர் வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வேறு யோசனை. பிழையாய்ப்போன மீடியம் சோடி சும்மா கிடக்கிறதே, தன் கால் வீக்கத்துக்குப் போட்டால் என்ன என்றார். 18 வருடமாகச் சீனி வருத்தம் அவருக்கு. பாதத்து நாடியை டொக்டர் பார்க்கும்வரை தொடக்கூடாது என்று பெட்டியைக் கடை அலுமாரியில் பூட்டினேன். சின்னம்மா நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, கால் வீங்கியதாமே, உருவி விடுகிறேன் என்று உட்கார்ந்தார். வீங்கிய காலை உருவுவதுதான் செய்யவே கூடாத வேலை. அவரிடம் அதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலமும் இரண்டு தேத்தண்ணியும் செலவானது. ரொறன்ரோவிலிருந்து மச்சான் போன் எடுத்து, கட்டி மேலே ஏறாமல் வயிற்றுப் பெருநாளத்தில் கம்பி வடி ஒன்று வைப்பார்களே, ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டான். டொக்டரிடமே கேட்டேன். முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் அதை வைப்பதில்லை, கட்டி வந்தும் இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து கொடுக்க முடியாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது, வடிக்கும் அதற்கான தொல்லைகள் உண்டு என்றார். மச்சானுக்கு முகம் சுருங்கியது, வீடியோவில் தெரிந்தது.

புதுக் காலுறை போட்டு மூன்றாம் நாள் இடது 36.6. ஐந்தாம் நாள் 36.1. அதன் பிறகு கொப்பியில் எல்லாம் ஒரே மாதிரி எண்கள்தான். தசை மெலிய மெலியப் பிறகு இரண்டு காலும் சேர்ந்தே குறைந்தன. அதைப் பார்ப்பதும் ஒரு வலிதான், ஆனால் வேறு வலி. ஆறாம் கிழமை ராகமையில் கட்டில் கிடைத்தது. மெஷினைத் திருப்பிக் கொடுத்தோம், முற்பணம் முழுதாக வந்தது. கொப்பியின் பக்கத்தைக் கிழித்துத் தம்பியின் பையில் வைத்தேன். அங்கே ஒரு மிஸ்ஸி அதை வாங்கி அவன் கோப்போடு கொளுவி வைத்தாராம். ஊசி எட்டாம் கிழமைவரை அங்கே தொடர்ந்தது, அப்புறம் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

மீடியம் சோடியை அம்மாவின் கண்ணில் படாமல் ஒருநாள் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தேன். சாமானில் பிழையே இல்லை. நூலும் பின்னலும் இரண்டாவது சோடியைப் போலவேதான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் யாருக்காவது இந்தக் காலுறை வாங்கும் தேவை வந்து, அளவெடுக்கத் தெரியாவிட்டால் என் கடைக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். ஆனால் காலை 8 மணிக்கு முன்னம் கூப்பிடுங்கள். பின்னேரம் கால் வீங்கியிருக்கும், அந்த அளவு சரிவராது.